ஸ்பொன்சர் லைசன்ஸ் வைத்திருக்கும் லண்டன் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள், வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் கொம்பனி வைத்திருக்கிறவர்கள், வெளிநாட்டு ஆளை விசாவில் வேலைக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் லைசன்ஸை ஏற்கனவே எடுத்தவர்கள், எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். இருபது வருடமாக உங்கள் கடைகளின் சம்பளக் கணக்கை எழுதுகிறேன். மாதக் கடைசியில், "பிள்ளை, பேஸ்லிப் அடிச்சாச்சோ?" என்று போன் எடுப்பீர்களே, அந்தப் பிள்ளைதான். நான் சொலிசிட்டர் இல்லை. விசா ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, சொல்லவும் போவதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள் கடைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பது சம்பளக் கணக்கில் தெரியும். அங்கே நான் கண்டதைச் சொல்லாமல் வைத்திருக்க இனி என்னால் முடியாது.

2023ஆம் ஆண்டு ஒரு கடைக்குச் சமையல்காரர் ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். அந்த நேரத்துச் சட்டப்படி வருடத்துக்கு 26,200 பவுண் சம்பளம். மாதம் 2,183 என்று நான் பதிவேன். வரியும் நாஷனல் இன்ஷூரன்ஸும் கழித்து 1,800 பவுணுக்குக் கொஞ்சம் கூடுதலாக அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்கு அச்சொட்டாக இருந்தது. நாலாவது மாதம் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் குசினி ஏப்ரனோடு தெருவுக்கு ஓடி, எதிரே இருந்த ஏ.டி.எம்.மில் காசு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு கடித உறையை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். உறைக்குமேல் பென்சிலால் 700 என்று எழுதியிருந்தது. கீழே மாதத்தின் பெயர்.

என்ன இது என்று கேட்டேன். "விசாவுக்குச் செலவழிச்ச காசை அவன் திருப்பித் தாறான். இதில என்ன பிழை? அவனும் வந்திட்டான், எனக்கும் ஆள் கிடைச்சிட்டுது" என்றார் முதலாளி. கெட்டவர் என்று நான் நினைத்திருந்தவர் இல்லை அவர். கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் கொடுக்கிறவர். அந்த மாதத்தோடு அவருடைய கணக்கை எழுதுவதை நிறுத்தினேன். நிறுத்தியது மட்டும்தான் நான் செய்தது. ஒருவருக்கும் அறிவிக்கவில்லை, அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அது என் பிழை. இந்த மடல் அந்தப் பிழைக்கும் சேர்த்துத்தான்.

லைசன்ஸ் எடுப்பது சுகம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். படிவத்தை மட்டும் பார்த்தால் அது உண்மைதான். ஹோம் ஒபிஸுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வைத்த கட்டணப்படி சிறிய கொம்பனிக்கு 574 பவுண், பெரிய கொம்பனிக்கு 1,579. அனுப்பி ஐந்து வேலை நாளுக்குள் பத்திரங்கள் போய்ச்சேர வேண்டும்: வருமான வரித் திணைக்களத்தில் சம்பளம் கொடுப்பவராகப் பதிந்த இலக்கம், குறைந்தது 50 லட்சம் பவுணுக்கான தொழிலாளர் காப்புறுதி, கடையின் குத்தகைப் பத்திரம், வங்கிக் கூற்று, சாப்பாட்டுக் கடை என்றால் கவுன்சில் பதிவு. சாதாரணமாக எட்டுக் கிழமைக்குள் முடிவு வரும். மறுத்தால் கட்டணம் திரும்ப வராது, மேல்முறையீடும் கிடையாது.

இவ்வளவையும் ஒரு ஏஜென்ட் இரண்டு நாளில் நிரப்பித் தருவார். ஆனால் ஹோம் ஒபிஸ் கேட்கும் கேள்வி இந்தப் பத்திரங்களுக்கு அப்பால் இருக்கிறது. இந்தக் கடை உண்மையாக நடக்கிறதா? இதை நடத்துகிறவர்கள் நம்பக்கூடியவர்களா? ஆள் வேண்டும் என்று சொல்லும் வேலை உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை ஒருவருக்கு விசா கிடைக்க வேண்டும் என்பதற்காக உண்டாக்கியதா? அதற்காகத்தான் உங்கள் கொம்பனியிலிருந்து பெயர்களைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொறுப்பு நிற்கும் அதிகாரி ஒருவர். ஹோம் ஒபிஸோடு கதைப்பவர் ஒருவர். அவர்களுடைய கணினி முறைமைக்குள் போய் அன்றாட வேலை பார்க்கும் 'லெவல் 1 யூசர்' ஒருவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். சிறிய கடையில் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த லெவல் 1 யூசரின் பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது என்று நான் கேட்ட கடைகளில் பாதிக்கு மேல் வந்த பதில்: "அது ஏஜென்டிட்ட இருக்கு." அண்ணாமாரே, அந்தப் பாஸ்வேர்ட் உங்கள் கையெழுத்து. அதைக்கொண்டுதான் வேலையாளுக்கு ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. நாங்கள் 'கொஸ்' என்று சொல்வது அதைத்தான். சட்டகம் போட்டு மாட்டும் பத்திரமென்று ஒன்று அதில் இல்லை. கணினியில் ஒரு பதிவு, அதற்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான். வேலையின் பெயர், சம்பளம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த விலாசத்தில் வேலை என்று உங்கள் பெயரில் அரசாங்கத்துக்குச் சொல்லும் வாக்குமூலம் அது. அந்த இலக்கத்தை வைத்து மூன்று மாதத்துக்குள் அவர் விசாவுக்கு விண்ணப்பிப்பார். உங்கள் பாஸ்வேர்டால் ஏஜென்ட் எத்தனை பேருக்குக் கொஸ் கேட்டார், எந்த ஊரில் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதிகாரிகள் வந்தால் தட்டுவது உங்கள் கதவைத்தான். முன்கூட்டிச் சொல்லாமலும் வருவார்கள். குசினிக்குள் போய், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளையிடம் தனியே கேட்பார்கள்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை, சம்பளம் எவ்வளவு, யாருக்காவது காசு கொடுத்தாயா?

கொஸ் கொடுத்ததோடு வேலை முடிவதும் இல்லை. அவர் வந்து வேலை தொடங்காவிட்டால், சொல்லாமல் பத்து வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், விலகினால், சம்பளத்தைக் குறைத்தால், பத்து வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். கடை இடம் மாறினாலோ கை மாறினாலோ இருபது வேலை நாள். வியாபாரம் குறைந்த மாதம், "தம்பி, இந்த மாதம் மூண்டு நாள்தான் வேலை இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்வோமே, ஸ்பொன்சர் செய்த ஆளிடம் அப்படிச் சொல்ல முடியாது. கொஸ்ஸில் எழுதிய சம்பளம் மழை வந்தாலும் பனி கொட்டினாலும் கொடுக்க வேண்டிய சம்பளம். பராமரிப்புக் கொம்பனிகள் பலதும் சறுக்கியது இங்கேதான். 39 மணித்தியாலம் என்று எழுதி ஆளைக் கூப்பிட்டார்கள். கவுன்சில் ஒப்பந்தம் வரும் என்று நம்பினார்கள். ஒப்பந்தம் வரவில்லை. வந்த பிள்ளைகள் ஒரு அறையில் நாலு பேராக இருந்து, அடுத்த ஷிஃப்ட் எப்போது என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனிக் காசுக்கு வருகிறேன்.

இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்ற வரி 2017 ஏப்ரலில் வந்தபோதே, அது முதலாளி கட்ட வேண்டியது, வேலையாளிடம் வாங்கக்கூடாது என்று இருந்தது. 2024 டிசம்பர் 31 முதல் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் வருகிறவரிடம் லைசன்ஸ் கட்டணத்தையோ, அதோடு சேர்ந்த நிர்வாகச் செலவையோ, கொஸ் கட்டணத்தையோ வாங்கக்கூடாது என்றும் ஆகிவிட்டது. வாங்கியது தெரிந்தால் லைசன்ஸைப் பறிப்பார்கள். கொஸ் கட்டணம் 2025 ஏப்ரலில் 525 பவுண் ஆனது. தன் விசாக் கட்டணத்தையும் சுகாதாரக் கட்டணத்தையும் வேலையாள் கட்டலாம். மற்றது உங்கள் வியாபாரச் செலவு, அடுப்பு வாங்குவது போல, வாடகை கட்டுவது போல. 'விசாவுக்குச் செலவழிச்ச காசு' என்று உறையில் திருப்பி வாங்கினாலும், ஊரில் உள்ள மச்சானின் கணக்குக்குப் போட வைத்தாலும், சம்பளத்தில் 'சாப்பாடு, தங்குமிடம்' என்று கூட்டி எழுதிக் கழித்தாலும் அது அதே காசுதான். சம்பளக் கணக்கு எழுதுகிற எனக்கு அது எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். ஹோம் ஒபிஸ் அதிகாரிக்கும் தெரியும்.

அந்தச் சமையல்காரர் வர முன்னமே ஊரில் ஒரு ஏஜென்டுக்கு 14 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அம்மாவின் வீட்டை அடகு வைத்த காசு. அதற்கு மேல்தான் மாதம் 700.

இதை வாசிக்கும் உங்களில் அநேகர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்று நான் நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் காணி ஈடு வைத்தார்கள். அம்மாவின் தாலிக்கொடி கொழும்புச் செட்டியார் தெருவில் போனது. ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் விட்டுவிட்டுப் போன அண்ணன்மார், பாங்கொக்கில் மாதக்கணக்காக ஒளிந்திருந்த மாமாமார் இல்லாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அந்தக் கடனைக் கட்டி முடிக்கப் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்துதான் உங்களில் பலர் கடை எடுத்தீர்கள். ஒரு பிள்ளையின் பயத்தில் காசு பார்ப்பவன் எப்படி இருப்பான் என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்குத் தெரியும்? ஆகவேதான் அந்த உறை எங்கள் கடையின் மேசையில் இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஆக்கள் மட்டும் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்ததும் நாடு முழுவதும் நடந்த கதை இது. எல்லைகளுக்கும் குடிவரவுக்குமான தலைமைப் பரிசோதகராக இருந்த டேவிட் நீல் எழுதி, 2024 மார்ச்சில் வெளியான அறிக்கையை வாசித்துப் பாருங்கள். இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 275 சான்றிதழ்கள் கொடுபட்டிருக்கின்றன. லைசன்ஸ் எடுக்கும்போது நாலே நாலு பேர் வேலை செய்த ஒரு கொம்பனிக்கு 1,234 கிடைத்திருக்கிறது. லைசன்ஸ் உள்ள 1,600 முதலாளிமாருக்கு ஒரு அதிகாரி என்ற கணக்கில்தான் கண்காணிப்பு இருந்தது என்றும் அதில் இருக்கிறது. இப்படி லைசன்ஸ் கொடுத்த அதிகாரிகளின் கண்மூடித்தனத்தை நான் மன்னிக்கவில்லை. பிறகு விழித்துக்கொண்டு பறிக்கத் தொடங்கினார்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470இற்கு மேற்பட்ட லைசன்ஸ்கள் போயின. அந்தக் கொம்பனிகளோடு சம்பந்தப்பட்ட வேலையாட்கள் 39,000 பேருக்கு மேல்.

லைசன்ஸ் போனால் முதலாளிக்கு வியாபாரத்தில் ஒரு அடி. ஒரு வருடமோ கூடவோ பொறுத்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். வேலையாளுக்கு ஒரு கடிதம் வரும். உங்கள் விசா 60 நாளாகக் குறைக்கப்படுகிறது, அதற்குள் வேறு ஸ்பொன்சர் தேடுங்கள் அல்லது நாட்டைவிட்டுப் போங்கள் என்று. பிழை செய்தவர் வீட்டில் இருப்பார், காசு கொடுத்தவன் பெட்டி கட்டுவான். இது நியாயமான சட்டம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்று இருப்பது இதுதான், இது தெரிந்துகொண்டுதான் நீங்கள் அந்த லைசன்ஸைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

இந்த விசாக் கதவு இப்போது பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் அதைக் காட்டி ஏஜென்ட்மார் காசு வாங்குகிறார்கள். எங்கள் சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்தக் கதவு ஒருநாளும் அகலமாகத் திறந்து இருந்ததில்லை. டேக் அவே வைத்திருக்கிற கடை என்றால் ஆள் தட்டுப்பாட்டுப் பட்டியலில் சமையல்காரரைக் கூப்பிடவே முடியாது என்று 2019 வரை இருந்தது. 2020 டிசம்பரில்தான் கொஞ்சம் திறந்தது. 2024 ஏப்ரல் 4இல் சம்பளத் தரையை 26,200இலிருந்து 38,700 பவுணாக ஒரே அடியில் உயர்த்தினார்கள். 2025 ஜூலை 22 முதல் அது 41,700. அதே நாளில் பட்டப்படிப்பு மட்டத்து வேலைகளுக்குத்தான் பொதுவாக ஸ்பொன்சர் செய்யலாம் என்றும் ஆக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சமையல்காரரைக் கூப்பிடும் வழியும், பராமரிப்பு வேலையாளைக் கூப்பிடும் வழியும் அன்றோடு மூடப்பட்டுவிட்டன. ஆகவே ஊரில் இருக்கும் பெறாமகனுக்கு 'கெயார் விசா' எடுத்துத் தருகிறேன் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார். உங்கள் கொம்பனியின் பெயரைக் கொடுங்கள், கொஸ்ஸில் 'மனேஜர்' என்று போட்டு 41,700 எழுதுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டால், அவர் உங்களைக் குழிக்குள் இறக்கப் பார்க்கிறார்.

ஆள் இல்லாமல் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு மாச்சட்டி கழுவுகிற முதலாளிமாரைக் கண்டிருக்கிறேன். மூட்டு வலியோடு தானே ஷிஃப்டுக்குப் போகிற கொம்பனி உரிமையாளர் அக்காவைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஆக்கள் இங்கேயே இருக்கிறார்கள். 2025 ஜூலை 22இற்கு முன்னமே ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் இருந்த சமையல்காரரை, இடையில் விசா அறுபடாமல் இருந்தால், இன்றும் நீங்கள் ஸ்பொன்சர் செய்யலாம். சம்பளத் தரைகூட எல்லோருக்கும் 41,700 இல்லை. 2024 ஏப்ரல் 4இற்கு முன்னம் வந்தவருக்கு வேறு கணக்கு. பராமரிப்பு வேலைக்கு வந்து ஸ்பொன்சரை இழந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க இங்கிலாந்தின் ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஏற்பாடு இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அவர்களில் ஆள் தேடிப் பார்த்த பிறகுதான் பராமரிப்புக் கொம்பனி வேறு ஆளை ஸ்பொன்சர் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. பதிவு பெற்ற நல்ல சொலிசிட்டர் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் காசு கொடுத்துக் கேளுங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கிறதைவிடக் குறைவாகத்தான் முடியும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. இந்தக் கிழமையே பாஸ்வேர்டை ஏஜென்டிடமிருந்து வாங்கி மாற்றுங்கள். உள்ளே போய் உங்கள் பெயரில் எத்தனை கொஸ் கொடுபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள், எண்ணிக்கை சரிவராவிட்டால் ஒளிக்காமல் சொலிசிட்டரிடம் போங்கள். உறை வாங்குகிறவர்கள் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். கொஸ்ஸில் எழுதிய சம்பளத்தைக் கொடுக்க முடியாது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையிடம் நேரகாலத்தோடு சொல்லுங்கள். லைசன்ஸ் போகும்வரை மறைத்து வைத்தால் அவருக்கு மிஞ்சுவது 60 நாள். இன்று சொன்னால் வேறு இடம் தேட அவருக்கு மாதங்கள் இருக்கும்.

அந்த 60 நாள் கடிதம் அந்தச் சமையல்காரருக்கும் 2025 புரட்டாதியில் வந்தது. பழைய பேஸ்லிப்பின் அடியில் இருந்த என் இலக்கத்தைப் பார்த்துப் போன் எடுத்தார். "அக்கா, அறுபது நாள்னு போட்டிருக்கு. லெட்டர் தேதில இருந்து எண்ணணுமா, எனக்குக் கிடைச்ச நாள்ல இருந்தா?" என்று கேட்டார். அவருக்கு அந்த இரண்டு நாளுக்கும் இடையில் இருந்த நாலு நாள் வித்தியாசம் பெரிதாக இருந்தது. கடைசித் திகதி கடிதத்திலேயே இருக்கும், பாருங்கள் என்றேன். போனில் தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவரை ஸ்பொன்சர் செய்வீர்களா என்று கேட்டுப் பத்தொன்பது கடைகளுக்குப் போன் எடுத்தேன். பதினெட்டுப் பேர் ஏலாது என்றார்கள். அவர்களில் மூன்று பேர் எவ்வளவு தருவான் என்று கேட்டார்கள். கடைசியில் ஒருவர், இதை வாசிப்பார், பெயரைச் சொன்னால் கோபிப்பார், ஆளைக் கூட்டி வரச் சொன்னார். ஒரு பிடி இடியப்பம் பிழிய வைத்துப் பார்த்தார், ரசம் வைக்கச் சொல்லிக் கேட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் இல்லை. வேலை அனுமதி இல்லாத நேரத்தில் குசினிக்குள் கால் வைக்க வேண்டாம் என்று வெளியே மேசையில் இருத்தி, என்னென்ன சமைக்கத் தெரியும் என்று வாயால் கேட்டு எழுதினார். கொஸ் கட்டணம் 525ஐயும் ஸ்கில்ஸ் சார்ஜையும் தன் கார்டிலேயே கட்டினார். ஐம்பத்திரண்டாம் நாள் விண்ணப்பம் போனது.

முடிவு வரும்வரை அந்தப் பிள்ளை தினமும் பகல் அந்தக் கடைக்குப் போவார். சும்மா இருந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, சாப்பிட்ட கோப்பையையாவது கழுவித் தருகிறேன் என்று எழும்புவார். "தம்பி, இரும். கோப்பையில கை வைச்சா எனக்கு 45,000 பவுண் தண்டம்" என்று முதலாளி இருத்திவிடுவார். ஒருநாள் நான் போயிருந்தபோது அவருக்கு முன்னால் புட்டும் மீன் குழம்பும் இருந்தது. விசா வந்த பிறகு இதைவிட நல்ல மீன் குழம்பு வைப்பேன் என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதும் சகோதரி